பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

பழைய வண்டிப் பிரியர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விற்ற விலை மறந்திருக்கும், உதைத்துக் கிளப்பிய விதம் மறந்திருக்காது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, அப்புறம் ஒரே உதை. தப்பினால் கணுக்கால் போச்சு!

"ஏன் விற்றீர்கள்?" என்றால்தான் முகம் மாறும். 2021 விதிப்படி 50 வயதைத் தாண்டிய, மாற்றம் செய்யாத சொந்த வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. ஆனால் 15 வயதிலேயே பதிவைப் புதுப்பிக்கும் அலைச்சல் ஆரம்பம். 20 தாண்டிய பைக்குக்குக் கட்டணம் 2025-இல் 2,000 ரூபாய் ஆனது. காயலான் கடைக்குப் போவது இந்த இடைப்பட்ட வயது வண்டிகள்தான். புகைச் சோதனையில் தேறும் பைக்குக்காவது அதைக் குறைத்தால் என்ன?