தண்ணீர்க் குழாய்க்கும் நிறம் தெரியுமா?

அமெரிக்க தேசத்து ஒஹையோ மாகாணத்தில் ஜேன்ஸ்வில் என்று ஒரு பட்டணம் உண்டு. அதன் எல்லையை ஒட்டினாற்போல் கோல் ரன் என்ற குடியிருப்பு. அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். சுற்றியிருந்த வெள்ளையர் வீடுகளுக்கெல்லாம் குழாய்த் தண்ணீர் வந்துங்கூட, கோல் ரன் ஜனங்கள் சுமார் 50 வருஷ காலம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தும், வெகு தூரம் போய்ச் சுமந்துகொண்டு வந்தும் குடித்தார்கள். கிணறு வெட்டினாலோ, பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் ஊற்று கெட்டுப்போயிருந்தது. கேட்கும்போதெல்லாம் அதிகாரிகள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அனுப்பினார்களே தவிர, கறுப்பர் என்பதற்காகக் கொடுக்கவில்லை என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எந்த ஊரில்தான் அப்படி வாய்விட்டுச் சொல்லுகிறார்கள்?

கடைசியில் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் பக்கத்து நிபுணர்கள் செய்த காரியம் மிகவும் சாதாரணமானது. எந்த வீட்டுக்குக் குழாய் இருக்கிறது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் வீடு வீடாகக் குறித்துக் காட்டினார்கள். அவ்வளவுதான். எதிர்க்கட்சியார் பாரபட்சமே இல்லையென்று சாதித்துங்கூட, படத்தைப் பார்த்தவனுக்குக் குழாய் எங்கே போய் நின்றுவிட்டது என்பது விளங்கிற்று. 2008-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜூரிகள் 67 பேருக்கு ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார்கள்.

நிற்க, படம் என்றாலே ஏழைக்கு நன்மை செய்யும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே தேசத்தில் 1933-ம் வருஷத்தில் வீட்டுக் கடனுக்காக ஒரு சர்க்கார் கழகம் ஏற்பட்டது. அது 1930-களின் பிற்பகுதியில் 200-க்கு மேற்பட்ட பட்டணங்களுக்குப் படம் போட்டு, பேட்டைகளை நாலு தரமாகப் பிரித்து, முதல் தரத்துக்குப் பச்சை, பிறகு நீலம், மஞ்சள், கடைசித் தரத்துக்குச் சிவப்பு என்று வர்ணம் பூசிற்று. தரம் போட்ட பாரத்தில் வீட்டின் வயது, வாடகை ஆகியவைகளோடு, கறுப்பர் உண்டா, நூற்றுக்கு எத்தனை பேர் என்றும், அந்தப் பேட்டைக்குள் 'புகுந்துகொண்டு' வருகிறவர்கள் யார் என்றும் கேள்விகள் இருந்தன! கறுப்பர் பேட்டைகளுக்கு அநேகமாய்ச் சிவப்பே கிடைத்தது.

இந்தப் படமே எல்லாக் கேட்டையும் செய்ததென்று நாம் சொல்ல வரவில்லை. துவேஷம் முன்னமே இருந்தது. 1934-ல் ஏற்பட்ட மற்றொரு சர்க்கார் இலாகாவும், பாங்கிக்காரர்களும் தங்கள் சொந்த விதிகளைக் கொண்டே கறுப்பர் பேட்டைகளுக்குக் கடன் மறுத்து வந்தார்கள். படம் செய்ததெல்லாம் அந்தத் துவேஷத்துக்கு ஒரு சாஸ்திர யோக்கியதை கொடுத்ததுதான். நம் நாட்டில் மனு செய்ததும் வேறென்ன? அவனவன் இருக்க வேண்டிய இடத்தை எழுதி வைத்துவிட்டு, எழுதியிருக்கிறதே என்று அதையே ஆதாரமாகவும் காட்டுவது! கடன் கிடைக்காததால் வீடு பழுதாயிற்று. வீடு பழுதானதால் கடன் கிடையாது.

1968-ம் வருஷத்துச் சட்டம் இந்த அக்கிரமத்தைத் தடுத்தது. ஆனால் சட்டம் வந்ததினால் மரம் முளைத்துவிடுமா? 2020-ம் வருஷத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் 108 பட்டணங்களின் பழைய படங்களின்மேல், ஆகாயத்திலிருந்து எடுத்த வெயில் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 94 பங்கு இடங்களில் சிவப்புப் பேட்டைகளே அதிக உஷ்ணமாக இருந்தன. தேச முழுமைக்கும் சராசரி 2.6 டிகிரி சென்டிகிரேட் அதிகம். நிழல் தரும் மரம் குறைவு, தாரும் சிமெண்டும் அதிகம் என்பதே காரணம். சூரியனுக்கு மேலோர் கீழோர் என்ற பேதமில்லை என்று புராணிகர்கள் கதை சொல்லுவார்கள். வாஸ்தவம்தான், பேதம் மரம் நட்டவனிடத்தில் இருக்கிறது.

இன்று எங்கும் கம்ப்யூட்டரைக் கொண்டு பட்டணங்களுக்குப் படம் போட்டு, வெள்ளம், வெயில், குப்பை, தண்ணீர் எல்லாவற்றையும் குறித்து, அதன்படி பணத்தைச் செலவிடப்போவதாகச் சொல்லுகிறார்கள். இதை நாம் வரவேற்கின்றோம். சகுனமும் சிபார்சும் பார்த்துச் சாலை போடுவதைவிடக் கணக்குப் பார்த்துப் போடுவது ஆயிரம் பங்கு மேலானது. ஆனால் இயந்திரம் சொல்லிவிட்டது, அதில் பட்சபாதமே இருக்காது என்று யாராவது சொன்னால், அவர்களை நாம் புதுப் புரோகிதர்கள் என்றே சொல்லுவோம். வரி அதிகமாய் வசூலாகும் வீதிக்கே முதலில் பணம் என்று கணக்கை அமைத்துவிட்டால், இயந்திரம் பணக்காரன் வீதியைத்தானே காட்டும்? வரி கட்டாத குடிசை படத்திலேயே இல்லாமல் போய்விட்டால், அங்கே வெள்ளம் வந்ததென்று யார் கணக்கில் எழுதுவார்கள்?

ஆகவே படத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிடக் கூடாது. ஊருக்கு ஒருபுறம், சேரிக்கு ஒருபுறம் என்று பார்த்துப் பழகிய நமக்குக் கோல் ரன் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் பட்டணங்களுக்கு வார்டு வாரியாகத் தாழ்த்தப்பட்ட மக்களின் தொகை அச்சாகியிருக்கிறது. ஒரு பாதிக் கணக்கு இதோ இருக்கிறது. எந்த வீதிக்கு எந்த வருஷம் குழாய் போட்டார்கள், சாக்கடை எதுவரை வந்திருக்கிறது என்ற மற்றப் பாதி முனிசிபாலிடியில் இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால், 30 நாளைக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் இரண்டு பேர் இதை வாங்கி, வீதி வீதியாய் நடந்து சரிபார்த்து, இரண்டு மையில் ஒரே காகிதத்தில் வரைந்து, அடுத்த பட்ஜெட்டுக்கு முன் கவுன்சில் மெம்பர்களிடம் கொடுத்து, எந்த வீதிக்கு எத்தனை அடி குழாய் என்பதைப் பகிரங்கமாகச் சொல்லும்படி கேட்க வேண்டுகிறோம்.