ஊசியோடு நிற்பவர் யார்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை இலங்கையின் ஊவா மாகாண மலைகளைக் கரைத்தபோது, பதுளைக்கு வரும் ரயில் பாதையும் வீதிகளும் பல இடங்களில் அறுந்துபோயின. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து இறங்கினார்கள். இந்திய இராணுவம் மகியங்கனையில் கள மருத்துவமனை அமைத்து ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்தது. இவர்களின் தகுதி பற்றி எவரும் கேள்வி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஓர் அரசு இன்னோர் அரசுக்கு அனுப்பிய ஆட்கள். அனுப்பிய அரசே அவர்களுக்குப் பொறுப்பு. ஆனால் அனர்த்தம் நடந்த இடத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஓர் அரசு நிற்பதில்லை. அயல் மாகாணங்களிலிருந்து தொண்டர்கள், தனியார் வைத்தியக் குழுக்கள், லீவு போட்டுவிட்டு வரும் தாதியர் எனப் பலரும் வருவார்கள். தோட்டத்து லய வீடு மண்ணோடு போன ஒரு குடும்பம், ஊசியோடு முன்னால் நிற்பவரிடம் ‘எங்கே படித்தீர்கள்’ என்று கேட்குமா? அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியுமல்ல அது. அதை மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுதி வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. அந்த வேலை ஊவாவிலேயே, தேயிலைத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

முன்கூட்டிப் பார்த்து வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் இரண்டு விதமாகக் கண்டிருக்கிறது. 2010இல் ஹெயிட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது வெளிநாட்டு வைத்தியக் குழுக்கள் திரண்டன. அவற்றில் சில போதிய தேர்ச்சியின்றி அறுவைச் சிகிச்சையில் இறங்கின என்றும், அவயவங்களை அகற்றிய பிறகு நோயாளரின் தொடர் பராமரிப்பைக் கவனிக்கவில்லை என்றும் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. அந்தப் படிப்பினைக்குப் பிறகே, 2013இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான தரப்பிரிவையும் குறைந்தபட்ச நியமங்களையும் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. மற்ற விதத்தை 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி காட்டியது. அங்கே தகுதியுள்ள வைத்தியர்கள் வேறு மாநிலங்களிலிருந்து உதவ வந்தும், உரிமத்தை உடனே சரிபார்க்க வழியில்லாததால் பலர் காத்திருக்க நேர்ந்தது. தன்னார்வ சுகாதாரப் பணியாளர்களை மாநிலந்தோறும் முன்கூட்டிப் பதிவதற்கான சட்டம் 2002இலேயே வந்திருந்தும், பதிவேடுகள் எல்லா இடத்திலும் தயாராகியிருக்கவில்லை. சரிபார்க்காமல் விட்டால் நோயாளி ஆபத்தில் விழுகிறார். கடைசி நேரத்தில் சரிபார்க்கப் போனால் வைத்தியர் வாசலில் நிற்கிறார்.

ஊவாவில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனி முகம் உண்டு. வைத்தியர்களைப் பொறுத்தவரை மாகாண எல்லை பெரிய தடையல்ல. இலங்கை மருத்துவ சபையின் பதிவு நாடு முழுவதற்கும் செல்லும். சிக்கல் அதற்குக் கீழே தொடங்குகிறது. சுகாதாரம் மாகாண சபைக்கும் மத்திய அமைச்சுக்கும் இடையில் பங்கிடப்பட்ட விடயம். அனர்த்த முகாமைத்துவம் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்த இரண்டுக்கும் வெளியே, தனி இராச்சியம் போலத் தோட்டம் இருக்கிறது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளரை மக்கள் ‘டாக்டரையா’ என்றுதான் அழைக்கிறார்கள். அவர் வைத்தியர் அல்லர். அவரை வேலைக்கு வைத்திருப்பது தோட்ட நிர்வாகம். ஆனால் மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ பாதை அறுந்த இரவில் காயம்பட்டவரை முதலில் தொடுவது அவருடைய கைதான். அவருக்கு எது தெரியும், எதைச் செய்ய அனுமதி உண்டு என்பது மறுநாள் காலையில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடையாள அட்டை ஆளைச் சொல்லும், அவருக்குத் தெரிந்த வேலையைச் சொல்லாது.

தகுதி பற்றிய பேச்சை எடுத்தாலே, தொழிற்சங்கங்கள் அதை வேலியாக்கிக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியபோது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் எதிர்த்தது. ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றுவந்த அம்புலன்ஸ் பணியாளர்களின் தகுதியை எந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது என்ற கேள்வியும் எழுந்தது. எதிர்ப்பின் நோக்கம் எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமானது. அதற்காகச் சேவையை நிறுத்திவிடவில்லை. 2018இல் சுவசெரிய மன்றத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது, சேவை மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. எல்லை தாண்டிப் பெற்ற பயிற்சியை இங்குள்ள சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. உயிர் போகும் நேரத்தில் கடதாசி கேட்பதா? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தபோது, முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள். அவர்களிடம் சான்றிதழ் கேட்டிருந்தால் அது கொடுமை. மண்ணை அள்ளவும் ஆளைத் தூக்கவும் சோறு சமைக்கவும் எந்தப் பதிவும் வேண்டாம், இந்த வேறுபாட்டை முன்கூட்டித் தயாரிக்கும் பதிவேடே தெளிவாகச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுப்பது, அவயவத்தை அகற்றுவது, மகப்பேறு பார்ப்பது, சரிந்த மலையின் அடியில் இயந்திரத்தை இறக்குவது போன்ற வேலைகள் அப்படியல்ல. மீரியபெத்தைச் சரிவின் ஆபத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. நனைந்த மலை இரண்டாம் முறையும் சரியலாம் என்பதை அறியாத ஒருவர் மீட்புக்குத் தலைமை தாங்கினால், மீட்கப் போனவர்களும் புதைவார்கள். நல்ல மனம் மண்ணின் பாரத்தைக் குறைக்காது.

பதுளை மாவட்டச் செயலகத்தில் இருக்க வேண்டிய பதிவேடு பெரிய கணினித் திட்டமாக இருக்கத் தேவையில்லை. ஆளின் பெயர், அவர் செய்யக்கூடிய வேலை, அதை உறுதிப்படுத்திய நிறுவனம், அந்த உறுதி காலாவதியாகும் திகதி ஆகியவை போதும். தோட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவமாதுவும் முதலுதவி கற்ற தோட்ட இளைஞர்களும் அதில் இடம்பெற வேண்டும். இல்லையென்றால், பட்டம் பெற்றவர்களின் பட்டியலாக அது சுருங்கி, களத்தில் முதலில் நிற்பவர்களை வெளியே தள்ளிவிடும். மொழிக்கும் ஒரு நிரல் வேண்டும். எங்கே வலிக்கிறது என்று தமிழில் சொல்லும் தாயின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும், பசறைத் தோட்டமொன்றில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறார். ஹல்துமுல்லைக்கு அப்பால் சப்ரகமுவ மாகாணம்; ஹப்புத்தளையிலிருந்து ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் மத்திய மாகாணம். அந்த மாகாணங்களும் இதே வடிவில் பட்டியல் வைத்திருந்தால்தான் எல்லை கடந்து ஆள் கேட்க முடியும். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோகும் என்பதால் அச்சிட்ட பிரதியொன்று ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் ஒக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை திறந்து, உள்ள பெயர்களை அழைத்துப் பார்க்க வேண்டும்.