மதில் சுவரோடு முடிகிற பசுமை

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் 2010 மார்ச் 13 அன்று திறந்துவைக்கப்பட்ட புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம், உலகிலேயே பசுமைக் கட்டிடமாக வடிவமைக்கப்பட்ட முதல் சட்டமன்றம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம் வரைந்த வடிவம். வட்ட வட்டமான முற்றங்கள். விழா நாளுக்குள் குவிமாடம் முடியாததால், தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்றை எழுப்பினார்கள். அதைப் பலரும் கேலி செய்தனர். எங்களுக்கு அதன்மீது கோபமில்லை. செட் என்று தெரிந்தே போடப்பட்ட செட் யாரையும் ஏமாற்றுவதில்லை. எங்கள் வழக்கு 'பசுமை' என்ற சொல்லின்மீதுதான்.

பசுமைச் சான்றிதழ் என்பது ஒரு மதிப்பெண் பட்டியல். அமெரிக்காவில் பிறந்த லீட் முறையும், 2001இல் தொடங்கப்பட்ட இந்தியப் பசுமைக் கட்டிட மன்றமும், பின்னர் வந்த கிருஹாவும் ஏறக்குறைய ஒரே வினாத்தாளையே நீட்டுகின்றன. மழைநீரைச் சேமிக்கிறீர்களா, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறீர்களா, கண்ணாடி இரட்டை அடுக்கா, மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு உண்டா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. இவற்றில் எதையும் நாங்கள் பழிக்கவில்லை. (2003இலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் அதற்குத் தனிப் புள்ளி எதற்கு என்று கேட்கலாம், விட்டுவிடுவோம்.)

மின்சாரச் சிக்கனத்தை அளக்கும் விதம்தான் விநோதம். கட்ட நினைக்கும் கட்டிடத்தை, அதே அளவுள்ள ஒரு கற்பனைக் கட்டிடத்தோடு கணினியில் ஒப்பிடுகிறார்கள். கற்பனையைவிட எத்தனை சதவீதம் குறைவாக மின்சாரம் தின்னும் என்பதே கணக்கு. கண்ணாடியைப் போர்த்திக்கொண்டு நாள் முழுவதும் குளிரூட்டப்படும் அலுவலகமும் இவ்வாறு 'சேமித்து' விடலாம். களத்துக்கே வராத எதிராளியை வென்று வாங்கிய கோப்பை இது. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் ரயில் கம்பெனியின் தலைமையகமாகவும் இருந்த கட்டிடம். உயர்ந்த கூரை, தடித்த சுவர், தூண்வரிசையின் நிழல். அதனோடு ஒப்பிடச் சொன்னால் எத்தனை கண்ணாடி மாளிகைகள் தேறும்?

இனி சாம்பலுக்கு வருவோம். பசுமைக் கட்டிடங்களில் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டும் செங்கல்லும் பயன்படுத்தினால், மறுபயன்பாட்டுப் பொருள் என்று புள்ளி கிடைக்கும். நல்லதே. ஆனால் அந்தச் சாம்பல் எங்கே பிறக்கிறது? சுவருக்குள் போகாத மிச்சம் எங்கே போகிறது? அதற்கு வினாத்தாளில் இடமில்லை.

விடை, ஓமந்தூரார் தோட்டத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே எண்ணூரில் கிடக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதலிரண்டு நிலைகள் 1,830 மெகாவாட். அருகே வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் மூன்றாம் நிலையாக 800. நமது நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் கால் கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. அதை நீரில் கரைத்துக் குழாய்வழி செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் கசிந்தது, ஆண்டுக்கணக்கில். கொசஸ்தலை ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்தது. கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல்களுக்கு முதலில் அகப்பட்டது அதுதான். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அந்தத் தீர்ப்பாயத்தின் பெயரிலும் பசுமை இருக்கிறது. ஆனால் அங்கே அச்சொல் புகார்தாரரின் பக்கம் நிற்கிறது.

காற்றின் கதை இன்னும் கசப்பானது. கம்பளம் ஒட்டும் பசையின் நெடிகூட அலுவலர் மூக்கில் ஏறக்கூடாது என்பதற்குப் புள்ளி உண்டு. அறையில் கரியமிலவாயு கூடினால் எச்சரிக்கும் கருவிக்குப் புள்ளி உண்டு. அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி வகுத்தது. 2017 என்ற கெடு பிறகு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. பசைக்கு இருக்கும் அவசரம் புகைபோக்கிக்கு இல்லை.

நண்பர்கள் எதிர்வாதம் சொல்வார்கள்: சிக்கனமான கட்டிடம் அத்தனை யூனிட் குறைவாகக் கேட்கிறது, அத்தனை கால் கிலோ சாம்பல் குறைகிறதே? உண்மை. மறுக்கவில்லை. குறைத்த அளவுக்குப் பாராட்டு வாங்கட்டும். குறையாத பாக்கியை யார் வாசலில் கொட்டினோம் என்பதையும் அதே தாளில் எழுதட்டும். 2011 மே மாதம் ஆட்சி மாறி, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பி, 2014 பிப்ரவரியில் ஓமந்தூரார் கட்டிடம் பன்னோக்கு மருத்துவமனையானபோது, அந்த மாற்றத்துக்குச் செலவான சிமெண்டும் இரும்பும்கூட எந்தப் பட்டியலிலும் கழிக்கப்படவில்லை. மருத்துவமனை வேண்டாமென்று சொல்ல மாட்டோம். கணக்கைத்தான் கேட்கிறோம்.

இந்த நகரத்துக்குத் தூசியை இடம் மாற்றுவது பழக்கமான வித்தை. சென்னைத் துறைமுகத்தில் குவிக்கப்பட்ட நிலக்கரியின் தூள் ராயபுரத்து வீடுகளில் படிந்துகொண்டிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபர் முதல் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரம் மூச்சுவிட்டது. நிலக்கரி எங்கும் மறைந்துவிடவில்லை. அதன் பெரும்பங்கு 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ஒரு கரை வெளுத்தது, இன்னொரு கரை கறுத்தது. இரண்டுமே வடசென்னை.

ஆகவே சான்றிதழ் அளிப்போருக்கு ஒரு கோரிக்கை. மின்சாரம் எந்த ஊரிலிருந்து வருகிறது, அதன் சாம்பல் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். புள்ளிகூடக் கழிக்க வேண்டாம், எழுதினால் போதும். அதுவரை இவற்றைச் சிக்கனக் கட்டிடங்கள் என்று அழையுங்கள். சிக்கனம் இழிவான சொல் அல்ல. நம் வீடுகளில் அதற்கு நிறைய மரியாதை உண்டு. எங்கள் பக்கங்களில் இனி அப்படித்தான் எழுதுவோம்.