கருவியா, கருத்தாவா?

போரில் செயற்கை நுண்ணறிவு என்ற பொருள் குறித்துத் தமிழில் இப்போது நிறையவே எழுதப்படுகிறது. படித்தவரையில் அவற்றில் இரண்டு குரல்களே எனக்குக் கேட்கின்றன. இயந்திரங்கள் ஒருநாள் விழித்தெழுந்து மனித குலத்தை அழித்துவிடும் என்பது ஒன்று. ஆயுதங்களுக்கு அறிவு வந்துவிட்டால் குறி தப்பாது, அப்பாவிகள் சாகமாட்டார்கள் என்பது மற்றொன்று. முதல் குரல் திரையரங்கிலிருந்து வருகிறது. இரண்டாவது ஆயுதக் கண்காட்சியிலிருந்து வருகிறது. இரண்டுமே இயந்திரத்தை மட்டும் பார்க்கின்றன. அந்த இயந்திரத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது யார், எதற்காக என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. வெளியுறவுக் கொள்கை என்று நாம் மரியாதையாக அழைக்கும் ஒன்று அந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1988 ஜூலை 3 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஈரானின் பந்தர் அப்பாஸ் நகரிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 என்ற பயணிகள் விமானத்தை, கிளம்பிய ஏழாவது நிமிடத்தில், அமெரிக்கக் கடற்படையின் வின்சென்ஸ் என்ற போர்க்கப்பல் இரண்டு ஏவுகணைகளைச் செலுத்தி வீழ்த்தியது. விமானத்திலிருந்த 290 பேரும் இறந்தனர். அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

அந்தக் கப்பலில் இருந்தது ஏஜிஸ் என்ற போர்க்கணினி அமைப்பு. அக்காலத்தில் கடலில் மிதந்தவற்றில் மிக நவீனமான அமைப்பு அதுவே. உடனிருந்த கப்பல்களின் மாலுமிகள் வின்சென்ஸுக்கு 'ரோபோ' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சிக்குப் பின் அமெரிக்கக் கடற்படையே நடத்திய விசாரணையில் தெரியவந்தது இதுதான்: ஏஜிஸ் பிழை செய்யவில்லை. விமானம் மேலேறிக்கொண்டிருக்கிறது என்று கணினி சரியாகவே பதிவு செய்திருந்தது. பயணிகள் விமானத்துக்குரிய சமிக்ஞையையும் அது சரியாகவே வாங்கியிருந்தது. ஆனால் கப்பலின் இருண்ட அறைக்குள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள், ஒரு எஃப்-14 போர்விமானம் தங்களை நோக்கிக் கீழிறங்கி வருவதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எதிர்பார்த்ததைக் கண்டார்கள். கேப்டனும் நம்பினார். விமானத்துக்குப் பத்து முறை எச்சரிக்கை விடப்பட்டது. அவற்றில் ஏழு, பயணிகள் விமானம் கேட்கவே முடியாத இராணுவ அலைவரிசையில். சற்றுத் தொலைவிலிருந்த சைட்ஸ் என்ற மற்றொரு அமெரிக்கக் கப்பலில் ஏஜிஸ் கிடையாது. அதன் தளபதியோ அந்த விமானத்தால் ஆபத்தில்லை என்றே கணித்திருந்தார்.

பிற்கால ஆய்வுகளில் இன்னொரு தகவலும் உண்டு. ராடார் திரையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண் தரப்படும். ஈரானிய விமானத்துக்கு முதலில் தந்த எண்ணை அமைப்பு தானாகவே மாற்றிவிட்டது; பழைய எண், வெகுதூரத்தில் கீழிறங்கிக்கொண்டிருந்த வேறொரு விமானத்துக்குப் போய்விட்டது. கேப்டன் பழைய எண்ணைச் சொல்லி என்ன செய்கிறது என்று கேட்கிறார். கீழிறங்குகிறது என்று பதில் வருகிறது. கேள்வியும் சரி, பதிலும் சரி. கேட்டவரும் சொன்னவரும் இயந்திரமும் அவரவர் அளவில் தவறு செய்யவில்லை. நடுவில் 290 பேர் இறந்தார்கள்.

இதை மனிதத் தவறு என்று எழுதி மூடிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நேரத்தில் வின்சென்ஸ் ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது. இதை அமெரிக்கா ஒப்புக்கொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. அப்போதைய படைத்தலைவர் அட்மிரல் குரோ 1992-இல்தான் தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார். ஈரான்–ஈராக் போரில் தான் நடுநிலை என்று சொல்லிக்கொண்டே ஈராக்கின் பக்கம் சாய்ந்து, எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் என்ற பெயரில் அந்தக் குறுகிய நீரிணைக்குள் போர்க்கப்பல்களை அனுப்பியது ஓர் அரசின் கொள்கை முடிவு. அந்த முடிவுதான் கேப்டனுக்குச் சில நிமிடங்களை மட்டும் விட்டுவைத்தது. அவருக்கு 1990-இல் பணிக்காலச் சிறப்புக்கான பதக்கம் வழங்கப்பட்டது. 1996-இல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. சட்டப்பூர்வமான பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 1983 செப்டம்பர் 26 அன்று மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலத்தடிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. போர் தொடுக்கிற எவனும் ஐந்தே ஏவுகணைகளோடு தொடுக்கமாட்டான் என்று கணக்குப் போட்டு, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை இயந்திரம் நெருப்பென்று கொண்டுவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன்தான் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்த காலம். பெத்ரோவுக்குக் கிடைத்தது, பதிவேட்டை ஒழுங்காக நிரப்பவில்லை என்ற கண்டனம்.

ஓரிடத்தில் இயந்திரம் உண்மை சொன்னது, மனிதர்கள் கேட்கவில்லை. மற்றோரிடத்தில் இயந்திரம் பொய் சொன்னது, மனிதன் நம்பவில்லை. ஆகவே 'இறுதி முடிவு மனிதனிடம் இருக்கும்' என்று இன்று எல்லா அரசுகளும் உறுதிமொழி தருகிறபோது எனக்கு ஆறுதல் ஏற்படுவதில்லை. எந்த மனிதன்? அவனுக்கு எத்தனை நிமிடம்? நம்பாமலிருக்க அவனுக்கு உரிமை உண்டா? பெத்ரோவிடம் சந்தேகப்படுவதற்கு நேரம் இருந்தது, மனமும் இருந்தது. 2003-இல் ஈராக் போரில் பேட்ரியாட் ஏவுகணைக் குழுவினருக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை. பெரும்பாலும் தானியங்கியாகவே இயங்கும்படி அமைக்கப்பட்ட அந்தக் கருவி, மார்ச் 23 அன்று பிரிட்டனின் டொர்னேடோ விமானம் ஒன்றை எதிரியின் ஏவுகணை என்று காட்டியது. சுட்டார்கள், இருவர் இறந்தனர். ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படை விமானி ஒருவர் அதேபோல் இறந்தார். அந்த இடைவெளியில் அமெரிக்க எஃப்-16 விமானி ஒருவர், தன்னைக் குறிவைத்த தன் நாட்டுப் பேட்ரியாட் ராடார் மீதே ஏவுகணையைச் செலுத்தினார். அங்கும் பொத்தானருகே மனிதர்கள் இருந்தார்கள். திரை சொல்வதை ஆமோதிப்பதே அவர்களது வேலையாக ஆகியிருந்தது.

இங்கே இலக்கண வகுப்பு ஒன்றை நடத்த வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். தொழில் பழக்கம். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள்கள் சொல்வோம். 'வாளால் வெட்டினான்' என்றால் வாள் கருவி. 'சிற்பியால் செதுக்கப்பட்டது' என்றால் சிற்பி கருத்தா. உருபு ஒன்றே, பொருள் வேறு. கருத்தாவையும் இரண்டாகப் பிரிப்பார்கள். கரிகாலனால் கட்டப்பட்ட கல்லணை என்னும்போது கரிகாலன் மண் சுமக்கவில்லை. அவன் ஏவுதற் கருத்தா. உளி பிடித்த சிற்பி இயற்றுதற் கருத்தா. ஏவுகணை என்ற சொல்லிலேயே ஏவுபவன் ஒருவன் இருக்கிறான் என்பதையும் கவனிக்கலாம்.

இராணுவச் செயற்கை நுண்ணறிவு உண்மையில் செய்கிற காரியம் இந்த இலக்கணத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருவியாக இருந்த ஒன்றை அது மெல்லக் கருத்தாவின் இடத்துக்கு நகர்த்துகிறது. 'கணினியால் இலக்கு தெரிவு செய்யப்பட்டது' என்ற வாக்கியத்தில் வரும் 'ஆல்' எந்தப் பொருளில் வருகிறது? கருவி என்றால், தெரிவு செய்த ஆள் ஒருவர் எங்கோ இருக்க வேண்டும். கருத்தா என்றால், அந்த ஆளைத் தேட வேண்டியதில்லை. ஏவியவனும் மறைந்துவிடுகிறான், இயற்றியவனும் மறைந்துவிடுகிறான். எந்த அரசுக்குத்தான் இப்படியொரு வாக்கியம் கசக்கும்?

தமிழ்த்துறை நண்பர்கள் இந்த இடத்தில் புறநானூற்றை எடுப்பார்கள். போருக்கு முன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் ஒதுங்கச் சொல்லி எச்சரித்த அறம் நம்முடையது என்பார்கள். அது முழு உண்மை அன்று. பகைவர் நாட்டை எரியூட்டுவதை வஞ்சித்திணையின் ஒரு துறையாகவே தொல்காப்பியம் வகுத்திருக்கிறது; விளைவயலைக் கொளுத்தியவர்களைப் புலவர்கள் புகழ்ந்தும் பாடியிருக்கிறார்கள். நான் அங்கே கவனிப்பது ஒன்றைத்தான்: கொளுத்தியவன் பெயர் பாட்டிலோ அடிக்குறிப்பிலோ இருக்கிறது. அவன் அதை மறைக்க நினைக்கவில்லை.

காஸாவுக்கு வருவோம். இஸ்ரேலிலிருந்து வெளியாகும் +972 என்ற இதழ் 2024 ஏப்ரலில் ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது. இஸ்ரேலிய உளவுப்பிரிவினர் சிலரின் வாக்குமூலங்களை அடிப்படையாகக் கொண்டது. 'லாவெண்டர்' என்ற கணினி அமைப்பு சுமார் 37,000 பேரைப் போராளிகள் என்று சந்தேகித்துப் பட்டியலிட்டது. ஏறத்தாழ பத்தில் ஒன்று தவறாக இருக்கும் என்று தெரிந்தே அது பயன்படுத்தப்பட்டது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க அதிகாரிகள் சுமார் இருபது வினாடிகளே செலவிட்டார்கள், பெரும்பாலும் அது ஆணின் பெயர்தானா என்று பார்ப்பதற்கு மட்டும். செய்தி சொல்வது இது. இஸ்ரேலிய இராணுவம் இதை மறுத்தது. அது பல தகவல்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தரவுத்தளம் மட்டுமே, முடிவெடுப்பவர்கள் மனிதர்கள்தாம் என்றது.

அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு யோசித்துப் பாருங்கள். முடிவெடுத்தவர்கள் மனிதர்கள் என்றால், ஒவ்வொரு வீட்டின் மீதும் குண்டு விழுந்ததற்குப் பெயருள்ள ஒருவர் பொறுப்பாகிறார். அப்படியொரு பட்டியலை இராணுவம் தருமா? தராது. விசாரணை என்று வரும்போது கணினி. விமர்சனம் என்று வரும்போது மனிதர்கள். இரண்டு கதவுகளும் அவர்கள் கையில் இருக்கின்றன.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012-இல் வெளியிட்டு 2023 ஜனவரியில் திருத்திய கட்டளை ஒன்று, தன்னியக்க ஆயுதங்களில் 'தகுந்த அளவில்' மனிதத் தீர்ப்பு இருக்கவேண்டும் என்கிறது. உரையாசிரியர் எவரேனும் இருந்தால் 'தகுந்த' என்ற அடைமொழிக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதியிருப்பார். 2024 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதரிடமே இருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நல்லது. ஆனால் அந்த மனிதரின் மேசைக்கு வந்துசேரும் எச்சரிக்கையைத் தயாரிப்பது யார் என்பது பற்றி அதில் பேச்சில்லை. நிறுவனங்களின் கொள்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் ஊழியர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து ஆயுதங்களுக்கு உதவமாட்டோம் என்று எழுதிவைத்த கூகுள், 2025 பிப்ரவரியில் அந்த வரியை நீக்கிவிட்டது. உக்ரைனில் ரேடியோ அலைகளை எதிரி முடக்குவதால், இயக்குபவரோடு தொடர்பு அறுந்தபின்னும் இலக்கைத் தானே தொடரும் ட்ரோன்களை இரு தரப்பும் உருவாக்குகின்றன. தேவை என்று ஒன்று வந்துவிட்டால் உறுதிமொழிகள் இப்படித்தான் தேயும்.

இதெல்லாம் வல்லரசுகளின் விவகாரம், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு 2022 மார்ச் 9-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அன்று மாலை இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. நல்வாய்ப்பாக யாரும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த இந்திய அரசின் அறிக்கை, வழக்கமான பராமரிப்பின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்றது. ஆகஸ்டில் விசாரணை முடிந்தபோது, நடைமுறையை மீறிய மூன்று விமானப்படை அதிகாரிகளே காரணம் என்று கூறி அவர்களைப் பணிநீக்கம் செய்தார்கள். முதலில் இயந்திரம், பிறகு மனிதர்கள். இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கிடையே ஏவுகணை பறக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். அன்று எதிர்ப்பக்கத்தில் பாய்ந்து வரும் பொருளைக் கண்டவுடன் பதிலடியைப் பரிந்துரைக்கும் அமைப்பொன்று இருந்திருந்தால், அதன் பரிந்துரையை மறுக்கும் துணிவு அந்த அறையிலிருந்த அதிகாரிக்கு இருந்திருக்குமா? 2025 மே மாதம் நான்கு நாட்கள் நடந்த சண்டையில் இரு நாடுகளும் ட்ரோன்களை ஏவிக்கொண்டதை நாம் பார்த்தோம். அந்த நான்கு நாட்களும் தொலைக்காட்சிகளில் ட்ரோன்களின் திறன் பேசப்பட்டது. 2022-ஐ யாரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

அதற்கும் முன்பு, 2023 டிசம்பர் 22 அன்று, தன்னியக்கக் கொலை ஆயுதங்கள் குறித்து ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தடை எதையும் அது கோரவில்லை. இந்தப் பிரச்சினை பற்றி உறுப்பு நாடுகளின் கருத்துகளைக் கேட்டு அறிக்கை தருமாறு பொதுச்செயலாளரை வேண்டியது, அவ்வளவுதான். 152 நாடுகள் ஆதரித்தன. நான்கு நாடுகள் எதிர்த்தன: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனிவாவில் இதற்கென்று ஏற்கனவே நிபுணர் குழு இருக்கும்போது இன்னொரு மேடை வேண்டாம் என்பது இந்தியாவின் வாதம். அந்தக் குழுவின் தொடக்கக் கூட்டங்களுக்கு இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில்தான் தலைமை தாங்கினார் என்பதால், வாதத்தை வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஜெனிவாவில் எதையும் எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு செய்யலாம். ஒரே ஒரு நாடு தலையசைக்க மறுத்தால் போதும். அங்கேயே பேசுவோம் என்பதற்கு அங்கேயே கிடக்கட்டும் என்றும் பொருள் கொள்ளலாம்.

அந்த வாக்கெடுப்பைப் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தால் நன்றாக இருக்கும். எந்த ஆயுதத்தில் எந்த அளவு தன்னியக்கத்தை நம் படைகள் ஏற்கும், தவறு நேர்ந்தால் எந்தப் பதவியிலிருப்பவர் பதில் சொல்வார் என்பதை இரகசியங்கள் எதையும் வெளியிடாமலேயே ஓர் அரசு சொல்ல முடியும். பெயர் கூட வேண்டாம். பதவியைச் சொன்னால் போதும்.