கேம்பரில் படியும் மலைக்கறை: நாரை எடுக்காதீங்க!

'கேம்பர்' என்றதும் சிலருக்கு நினைவுக்கு வருவது, முன்னால் ஆட்களும் பின்னால் சுமையுமாக மலையேறும் பொலேரோ கேம்பர். சிலருக்கு, படுக்கையும் அடுப்பும் உள்ள சுற்றுலா கேரவன். வண்டி எதுவாக இருந்தாலும், குன்னூரில் ஒரு மழைக்காலம் வெளியே நின்றால் கதை ஒன்றுதான். பச்சைப் பாசி, கறுப்புக் கோடுகள், மரப்பிசின்!

சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்கு முக்கிய மழையே அக்டோபர், நவம்பரில்தான். மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. மர நிழலில் நிற்கும் வண்டி காய்வதே இல்லை என்பதால் ரப்பர் பீடிங் ஓரங்களில் பாசி பிடித்துக்கொள்கிறது.

கறையைப் பார்த்ததும் கை தானாகப் பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் போகும். வேண்டாம். பெயின்ட்டின் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சு ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. நாரில் தேய்த்தால் கறையோடு பூச்சும் போய்விடும்.

கறுப்புக் கோடுகள்: கூரையில் சேரும் தூசும் அழுக்கும் மழையில் வழிந்து வருவதுதான் இது. அதனால் முதலில் கூரை, பிறகு பக்கவாட்டு. கூரை மேல் ஏறாமல், நீளக் கைப்பிடி பிரஷ்ஷும் கார் ஷாம்பும் போதும்.

பாசி: வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, ஐந்து நிமிடம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்து, நன்றாகக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். அது வினிகரோடு சேர்ந்தால் குளோரின் விஷவாயு வரும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து.

மரப்பிசின்: ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் துணியில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். கேரவனின் அக்ரிலிக் ஜன்னலில் மட்டும் இது படக்கூடாது, விரிசல் விடும்.

தார்ப்புள்ளி: தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் இளகி வரும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

பறவை எச்சம்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதில் உள்ள அமிலம் பெயின்ட்டை அரித்துவிடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் வழித்தெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உலரத் துடைத்து மெழுகு பாலிஷ் போட்டால், அடுத்த கறை அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது.

கடைசியாக ஒன்று. ஓடை ஓரமாக வண்டியை நிறுத்திக் கழுவாதீர்கள். குன்னூர் ஆறு போய்ச் சேர்வது பவானியில். நம் ஷாம்பு நுரை, கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்தில் சேர வேண்டாமே!