மூச்சு விடாத பாட்டில்

'ரெட் வைனைத் திறந்ததும் குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரம் மூச்சு விட வைக்க வேண்டும்' என்பது வைன் ரசிகர்களின் வேதவாக்கு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் 'உனக்கெல்லாம் எதுக்கு வைன்?' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கட்டும், கேட்போம்.

முதலில், கார்க்கைப் பிடுங்கிவிட்டு பாட்டிலை அப்படியே மேஜை மேல் வைக்கும் சடங்கு. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 2 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது 750 மில்லி வைனில் காற்றுப் படுகிற இடம், ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னது. இதில் மூச்சாவது, பேச்சாவது!

சரி, அடி அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால்? காற்று நன்றாகவே படும். 'டானின் சாதுவாகிவிடும்' என்கிறார்கள். பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதற்குக் காரணம் இந்த டானின். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டிவிடும். இத்தாலியின் பரோலோ இதில் பெயர்போன முரடு. அதை 38 மாதங்களாவது வைத்திருந்த பிறகுதான் விற்கலாம் என்பது அங்கே விதி. அத்தனை மாதத்தில் அடங்காத துவர்ப்பு, உங்கள் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுமாக்கும்!

குடுவையில் நிஜமாக நடப்பது வேறு. அடைபட்ட வைனில் சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். கந்தகத்தின் வேலை. காற்றுப் பட்டால் பெரும்பாலும் போய்விடும். நல்லதுதான். ஆனால் கூடவே பழ வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிடும். காற்றுக்கு நல்லது கெட்டது தெரியாது.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. நவீன போர்தோ வைனுக்கே வாத்தியார் எமில் பேனோ (1912-2004). அடியில் வண்டல் இருந்தால் மட்டும் குடுவைக்கு மாற்றுங்கள், அதையும் பரிமாறும் நேரத்தில் செய்யுங்கள் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. மைக்ரோசாஃப்டின் முன்னாள் அதிகாரி நேதன் மிர்வோல்ட், 2011-ல் வெளியான தன் சமையல் புத்தகத்தில் வைனை மிக்ஸியில் போட்டே அடிக்கச் சொன்னார். காற்றுதான் வேண்டுமென்றால் ஒரு நிமிஷ வேலை. எதற்கு ஒரு மணி நேரத் தவம்?

இளம் வைனுக்கு இந்தத் தவத்தால் பெரிய நஷ்டமில்லை. எனக்குக் கோபம் வருவது கிழ வைனை நினைத்துத்தான். முப்பது, நாற்பது வருஷம் நிலவறையில் காத்திருந்த பாட்டிலில் வாசனை இழையாகத்தான் மிஞ்சியிருக்கும். குடுவையில் அரை மணி வைத்தாலே ஓடிவிடலாம். போனால் போனதுதான், அந்த வருஷத்துத் திராட்சையை யாரும் மறுபடி விளைவிக்க முடியாது. அதைக் கொன்றது காற்று அல்ல, நாக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்பிய ரசிகர்!

சந்தேகமா? ஒரே வைனில் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒன்றின் கார்க்கை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வையுங்கள். எது எது என்று சொல்லாமல் நண்பரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டால் தாராளமாக என்னைத் திட்டலாம்.

அதுவரை, திறந்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முட்டை நாற்றம் அடித்தால் கிளாஸைச் சுழற்றுங்கள், போகாவிட்டால் குடுவையில் ஊற்றுங்கள். நன்றாக இருந்தால் குடியுங்கள். மூச்சு விடும் வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.