வருத்தம் மட்டுமா காரணம்?

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் எம்.டி.எம்.ஏ., மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்ற ரசாயனப் போதையில் சிக்கி மனம் ஒடிந்து கிடந்தால், திருவனந்தபுரத்தில் படித்தவர்கள்கூடச் சொல்வது இதுதான்: "செய்ததை நினைத்து வருந்துகிறார், போதையை விட்டால் சரியாகிவிடும்." இதை நான் ஏற்கவில்லை.

வருத்தம் இருக்கும்தான். ஊர் ஒதுக்குவதும் வலிக்கும்தான். ஆனால் உடம்புக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுதான், மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரடோனினை மூளை தயாரிக்கிறது. எச்.ஐ.வி. கிளப்பிவிடும் அழற்சியில் இன்டர்பெரான் காமா பெருகி, ஐ.டி.ஓ. என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி டிரிப்டோபேனை கைனுரெனின் பக்கம் திருப்பிவிடுவதால் செரடோனினுக்கு மூலப்பொருள் குறைகிறது. போதாததற்கு, அந்தப் பாதையில் பிறக்கும் குவினோலினிக் அமிலம் நரம்பணுக்களுக்கு நஞ்சு. இதில் மனவலிமைக்கு என்ன வேலை?

"எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையில் வைரஸ் அடங்கிவிட்டதே" என்பார்கள். வைரஸ் அடங்கினாலும் அழற்சி முழுதாக அணைவதில்லை. தொற்றின் தொடக்கத்திலேயே குடலிலுள்ள சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அதன்பின் குடலிலிருந்து பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டியபடி இருக்கும். மெத் அந்த அழற்சியைக் கூட்டுகிறது, மூளையின் டோபமைனையும் வற்றவைக்கிறது. மாத்திரைக்கும் பங்குண்டு. டோலுடெகிராவிர் வருவதற்கு முன் நம் அரசு மையங்களில் பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ் சிலருக்குக் கெட்ட கனவையும் மனச்சோர்வையும் தந்தது. இரண்டாம் கட்ட சிகிச்சையில் சேரும் ரிட்டோனாவிர், எம்.டி.எம்.ஏ.வை உடல் வெளியேற்றவிடாமல் தடுத்து உயிருக்கே உலை வைக்கலாம். நோயாளி பயமின்றி உண்மையைச் சொன்னால்தான் மருத்துவர் இதைத் தவிர்க்க முடியும்.

"முதலில் போதையை விடட்டும், மனதைப் பிறகு பார்க்கலாம்" என்ற வாதம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. மெத் பழக்கத்தை நிறுத்திய முதல் நாட்களில்தான் சோர்வு மிக ஆழமாக இறங்கும்; தற்கொலை எண்ணமும் வரலாம். கைகொடுக்க வேண்டிய அந்த நேரத்தில் காத்திருக்கச் சொல்கிறோம். சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், வைரஸ் எழுகிறது, அழற்சி ஏறுகிறது, சோர்வு இன்னும் கூடுகிறது.

இந்த ஊரில் மருத்துவக் கல்லூரியில் 'உஷஸ்' ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது, பேரூர்க்கடையில் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒரே மனிதரை எதற்கு இரண்டு வாசலுக்கு அலைய விட வேண்டும்? வெளியே தெரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம்; 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்துக்குக் காப்புத் தருகிறது. மாத்திரை வாங்க வரும் நாளிலேயே தூக்கம், பசி, சாக வேண்டும் என்ற நினைப்பு, போதைப் பழக்கம் எல்லாவற்றையும் அந்த மையத்திலேயே கேட்கட்டும். தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் அன்றே தொடங்கட்டும், போதையை விட்டிருந்தாலும் விடாவிட்டாலும்.